விலையாவணம் முதல் வழிகாட்டி மதிப்பு வரை

வீட்டையோ மனையையோ விற்க முற்படுபவர் அது தமக்கே உரியது என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும் என்ற கருத்து தமிழகத்தில் மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் முன் வரும் வழக்கில் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகள் பேசப்படுகின்றன. அவை முறையே நெடுங்கால அனுபவம், எழுத்து, நேரில் அறிந்தவர் சொல் ஆகியவற்றைக் குறிக்கும். அவ்வழக்கு அடிமையோலை பற்றியது எனினும், நிலமும் மனையும் கைமாறிய முறையிலும் இச்சான்றுகளுக்கு இடமிருந்ததைச் சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

அக்கல்வெட்டுகளில் விற்பனைப் பத்திரம் ‘விலையாவணம்’ எனப்பட்டது. விற்பவர், கொள்வார் உளரோ என்று பலர் அறியக் கூறுவதும், வாங்குபவர் அதற்கு எதிர்மொழி கொடுப்பதும், பின்னர் இருவரும் இசைந்த தொகையை ‘எம்மிலிசைந்த விலைப்பொருள்’ என எழுதுவதும் இவ்வாவணங்கள் பலவற்றில் காணப்படும் நடைமுறையாகும். மனையோடு கொல்லையாகிய மனைப்படப்பையும், கிணறும் மரங்களும் நான்கெல்லைக்குள் அடங்கியனவாகச் சொல்லப்பட்டன. விலை அப்போது வழங்கிய நல்ல நாணயமாகிய ‘அன்றாடு நற்காசில்’ குறிக்கப்பட்டது. ஆவணங்கள் நிறைவேறிய பொது இடமான ஆவணக்களரியில் பணம் முழுவதும் பெறப்பட்டது என்பதற்கான ஒப்புகையும் விலையாவணத்திலேயே சேர்ந்ததால், வேறு பற்றோலை காட்டத் தேவையில்லை என்ற வாசகமும் அதில் இடம்பெற்றது. விலையைக் குறைத்து எழுதினால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பெரிய ஆதாயம் இல்லாத அந்த ஏற்பாட்டில், எழுதப்பட்ட தொகை விற்பனை முடிந்ததற்குச் சான்றாக விளங்கியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வழியே பத்திரங்களைப் பதியும் முயற்சி தொடங்கி, 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிவடைந்தது. இப்போது நடைமுறையிலுள்ள பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டுக்குரியது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் விதித்ததோடு, உரிமையில் உள்ள குறைகளை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும், வாங்குபவர் கேட்கும் மூலப் பத்திரங்களைக் காட்ட வேண்டும், விற்கும் நாள்வரை வரிகளைச் செலுத்த வேண்டும் என்றும் வகுத்தது. தாய்ப்பத்திரம் தேடுவதும், அடமானம் முதலிய பதிவான சுமைகளைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுப்பதும், வரி ரசீதுகளைச் சேர்ப்பதும் வீட்டை விற்பனைக்கு ஆயத்தப்படுத்தும் முதல் வேலைகளாயின.

1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்கீழ்க் கிரயத் தொகையே முத்திரைத் தீர்வையின் அளவையும் தீர்மானித்ததால், அத்தொகையைக் குறைத்துக் காட்டுவது இரு தரப்புக்கும் ஆதாயமாகி, பத்திரத்தில் ஒரு விலையும் கையில் மாறியது வேறொரு விலையுமாக வழக்கம் பரவியது. இதைத் தடுக்கத் தமிழக அரசு 1967இல் அச்சட்டத்தில் 47-அ பிரிவைச் சேர்த்து, குறிப்பிட்ட மதிப்பு உண்மையானதன்று என்று கருதும் பதிவு அலுவலர் அதை மாவட்ட ஆட்சியரின் முடிவுக்கு அனுப்ப வழிசெய்தது. 1968ஆம் ஆண்டு விதிகள் கட்டடத்தின் அமைப்பு, இருப்பிடம், கட்டிய ஆண்டு, பயன்பட்ட பொருள்கள், தேய்மானம் ஆகியவற்றைக் கணக்கிடச் சொல்லின. தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் நிலத்துக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பு அதன் பின்னர் நிலைபெற்றது. 2017 ஜூன் மாதத்தில் அம்மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டபோது பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது, மதிப்பும் அரசின் வருவாயும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துவிட்டன என்பதைக் காட்டும்.

ஆகவே உரிமையை மெய்ப்பிக்கும் பகுதியில் இன்றைய கிரயப் பத்திரம் பழைய விலையாவணத்தின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. எல்லையும் சாட்சியும் சொத்து வந்த வழியும் அதில் இன்றும் எழுதப்படுகின்றன. விலையைப் பொறுத்தவரையில், இருவர் இசைவுக்கு நடுவே அரசு மூன்றாம் தரப்பாக நுழைந்தபின், பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டும் கொண்டு ஒரு வீட்டின் சந்தை விலையை அறிய இயலாத நிலை உருவாயிற்று.