படிப்பு முடிந்தபின் எத்தனை நாள்?

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரி நினைவுகள் பற்றிய கட்டுரை. அதை எழுத என்னைவிட மூத்தவர்கள், என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: “அண்ணா, எம்.எஸ். படிக்க எந்த நாட்டுக்குப் போனா நல்லது? முடிச்சப்புறம் எவ்ளோ நாள் இருந்து வேலை பார்க்கலாம்?”

ஒரு அட்டவணை போட்டு இதற்குப் பதில் சொல்லிவிடலாம். அமெரிக்கா இத்தனை மாதம், இங்கிலாந்து இத்தனை, கனடா இத்தனை என்று. ஆனால் அந்த அட்டவணையை எத்தனை முறை அழித்து அழித்து எழுதியிருக்கிறார்கள் என்ற கதை தெரியாமல் அதை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பது சரியல்ல. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அமெரிக்கா: பயிற்சி என்ற பெயரில்

படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் ‘செய்முறைப் பயிற்சி’ என்ற பெயரில் சிறிது காலம் வேலை பார்க்கலாம் என்ற விதி அமெரிக்காவில் 1947-லேயே வந்துவிட்டது. ஆறு ஆறு மாதமாக, அதிகபட்சம் ஒன்றரை வருடம். ஆனால் அதற்குப் பிறகு அங்கேயே தங்குவது இந்தியர்களுக்கு ஏறக்குறைய முடியாத காரியம். 1946-இல் வந்த சட்டப்படி இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 இடங்கள்தான். நூறே நூறு! 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இந்தப் பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்த பிறகுதான் நம் எஞ்சினியர்களுக்கும் டாக்டர்களுக்கும் வழி பிறந்தது.

1990-இல் இன்னொரு சட்டம் வந்தது. இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் எச்-1பி அதில் பிறந்ததுதான். வருடத்துக்கு 65,000 பேர் என்று அதற்கு வரம்பு கட்டினார்கள். 1992-இல் மாணவர்களின் பயிற்சிக் காலத்தை 12 மாதம் என்று ஆக்கி ஓ.பி.டி. என்று பெயர் வைத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தால் நம்மவர்கள் போன பாதை தெரியும். ஓ.பி.டி.யில் ஒரு வருடம் வேலை. அந்த ஒரு வருடத்துக்குள் கம்பெனி எச்-1பி-க்கு மனுப் போட வேண்டும்.

பிறகு ஒய்2கே வந்தது. கம்ப்யூட்டர்கள் 2000-ஆம் வருடத்தை 1900 என்று எடுத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் ஆள் தேடி அலைந்தார்கள். கூடவே இன்டர்நெட் கம்பெனிகளின் பெருக்கம் வேறு. 65,000 என்ற வரம்பை 1998-இல் வந்த சட்டம் 1,15,000 ஆகவும், 2000-இல் வந்த சட்டம் 1,95,000 ஆகவும் உயர்த்தின. நம் சீனியர்கள் பலர் விமானம் ஏறியது அந்தக் காற்றில்தான். 2001-இல் டாட்காம் சரிந்தது. கூடுதல் இடங்களுக்கான கெடு முடிந்ததும் 2004 நிதியாண்டுக்கு வரம்பு மீண்டும் 65,000-க்கே வந்துவிட்டது. அதன் பிறகு, அமெரிக்காவிலேயே முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று தனியாக 20,000 இடங்களைச் சேர்த்தார்கள். ஆக மொத்தம் 85,000. இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்த எண் மாறவில்லை.

மனுக்கள் இடங்களைவிட அதிகமானதும் குலுக்கல் வந்தது. 12 மாத ஓ.பி.டி.யில் இருப்பவனுக்கு ஒரே ஒரு குலுக்கல்தான் கிடைக்கும். அதனால் 2008 ஏப்ரலில் அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கு மட்டும் 17 மாதம் கூட்டிக் கொடுத்தார்கள்.

நான் போனது 2014 ஜனவரியில். டாலர் அப்போது 62 ரூபாய். நான் படித்துக்கொண்டிருந்தபோதே, 2015 ஆகஸ்டில், வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று அந்த 17 மாத விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. பொதுமக்களிடம் முறைப்படி கருத்துக் கேட்காமல் கொண்டுவந்தார்கள் என்பது காரணம். மாற்று விதி எழுத அரசுக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் அபார்ட்மெண்டில் ராத்திரி தட்டு வைத்து உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது. “டேய், நாம சேர்றப்ப ஒரு ரூல், முடிக்கிறப்ப வேற ரூலா?” என்பான் என் ரூம்மேட். கடைசியில் 2016 மே 10 முதல் 24 மாதம் கூடுதல் என்று புது விதி வந்தது. ஆக மொத்தம் 36 மாதம். எங்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது.

ஆனால் குலுக்கலில் இடம் கூடவில்லை. 2016 ஏப்ரலில் 85,000 இடங்களுக்கு வந்த மனுக்கள் ஏறக்குறைய 2,36,000. அடுத்த வருடம் 1,99,000. அதற்கடுத்து 1,90,000. மூன்று தடவையும் என் பெயரைப் போட்டார்கள், மூன்று தடவையும் விழவில்லை. பக்கத்து நாற்காலியில் அதே வேலையைப் பார்த்த நண்பருக்கு முதல் தடவையே விழுந்தது. 2019 தொடக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டு சென்னை வந்து சேர்ந்தேன். இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. அந்த மூன்று வருடச் சம்பளத்தில் கல்விக் கடன் அடைந்துவிட்டது. அங்கே கற்ற வேலைதான் இன்று இங்கே சோறு போடுகிறது.

அனுமதி வேறு, வேலை வேறு

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓ.பி.டி. என்பது வேலை செய்ய அனுமதி மட்டுமே. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. 24 மாத நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். பார்க்கும் வேலை படித்த துறையைச் சார்ந்ததாகவும் இருக்க வேண்டும்.

நல்ல காலத்தில் இந்த 90 நாள் யாருக்கும் ஞாபகமே இருக்காது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் 10,000, கூகுள் 12,000. அந்த நேரம் பட்டம் வாங்கி வெளியே வந்தவன் பத்து வருட அனுபவசாலிகளோடு அதே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்த அனுபவசாலிகளில் எச்-1பி-யில் இருந்தவர்களுக்கோ அடுத்த வேலை தேட 60 நாள்தான். அதே 2023 மார்ச்சில் குலுக்கலுக்கு வந்த பதிவுகள் ஏழரை லட்சத்தைத் தாண்டின. ஒரே ஆளுக்குப் பல கம்பெனிகள் பதிவு செய்ததும் அதற்கு ஒரு காரணம். 2024-இல் ஒருவருக்கு எத்தனை பதிவு இருந்தாலும் ஒரே வாய்ப்பு என்று மாற்றினார்கள், எண்ணிக்கை இறங்கியது. 2025 மார்ச்சில் சுமார் 3,44,000.

2025 செப்டம்பரில் வந்தது பெரிய அதிர்ச்சி. புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார். நம் கணக்கில் அப்போது சுமார் 88 லட்சம் ரூபாய். அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து எச்-1பி-க்கு மாறுகிறவர்களுக்கு இது கிடையாது என்ற விளக்கம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஒரு மாதம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்! டிசம்பரில் இன்னொரு விதி: அதிகச் சம்பள நிலையில் இருப்பவர்களுக்குக் குலுக்கலில் அதிக வாய்ப்பு. புதிதாகப் படித்து வெளியே வருபவர்கள் பெரும்பாலும் கீழ்நிலைச் சம்பளத்தில்தான் தொடங்குவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்து: மூடி, திறந்து, சுருக்கிய கதவு

இங்கிலாந்தில் குலுக்கல் கிடையாது. அதனால் அங்கே எல்லாம் நிதானமாக நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2008-இல் இரண்டு வருட வேலை விசா கொடுத்தார்கள். நம் மாணவர்கள் திரளாகப் போனார்கள். 2011 மார்ச்சில் உள்துறை அமைச்சர் தெரசா மே அதை நிறுத்தப் போவதாக அறிவித்தார். 2012 ஏப்ரலில் நிறுத்தியும்விட்டார்கள். நான்கு வருடம்கூட நிற்கவில்லை. புதிதாகச் சேரும் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் ஏறக்குறையப் பாதியாயிற்று.

அந்தக் கதவு ஒன்பது வருடம் மூடிக் கிடந்தது. 2021 ஜூலை 1 அன்று ‘கிராஜுவேட் ரூட்’ என்ற பெயரில் மறுபடி திறந்தது: இரண்டு வருடம், டாக்டர் பட்டத்துக்கு மூன்று. எந்த வேலையும் பார்க்கலாம், ஸ்பான்ஸர் வேண்டாம், 90 நாள் கணக்கும் கிடையாது. இந்த வகையில் அமெரிக்காவைவிட இது தாராளமானது. ஆனால் அந்தக் காலம் முடிந்து அங்கே தொடர வேண்டுமானால் ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசா வேண்டும். அதற்கான சம்பள வரம்பை 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கும், 2025 ஜூலையில் 41,700-க்கும் தூக்கினார்கள். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்குச் சலுகை போக 33,400. லண்டனில் சாஃப்ட்வேர் வேலை என்றால் எட்டிவிடலாம். சிறிய ஊரில் சிறிய கம்பெனி என்றால் கஷ்டம். இதோடு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம் 18 மாதமாகக் குறைகிறது. கணக்கு விண்ணப்பிக்கும் தேதியில்தான், கல்லூரியில் சேர்ந்த தேதியில் இல்லை. டாக்டர் பட்டத்துக்கு மட்டும் மாற்றம் இல்லை.

கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி

கனடா 2008 ஏப்ரலில் மூன்று வருடம் வரை வேலை அனுமதி கொடுத்தது, கையில் வேலை இல்லாவிட்டாலும். நிரந்தரக் குடியுரிமைக்கும் அது நல்ல படிக்கட்டாக இருந்தது. கூட்டம் பெருகி, வீட்டு வாடகை ஏறி, அரசியல் பிரச்சினையானதும் 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கே உச்சவரம்பு போட்டார்கள். 2024 நவம்பர் முதல் வேலை அனுமதிக்கு மொழித் தேர்வு மதிப்பெண் கட்டாயம். பட்டமில்லாத காலேஜ் படிப்புகளுக்குக் குறிப்பிட்ட துறைகள்தான் என்ற கட்டுப்பாடும் வந்தது. முறையான முதுகலைப் பட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் கை கொடுத்தார்கள்: 2024 பிப்ரவரி முதல் இரண்டு வருடத்துக்குக் குறைந்த மாஸ்டர்ஸ் படிப்புக்கும் மூன்று வருட அனுமதி கிடைத்தது.

ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் சில பட்டங்களுக்கு இரண்டு வருடம் கூட்டியது. சரியாக ஒரு வருடத்தில், 2024 ஜூலையில், அதை எடுத்துவிட்டது. வயது வரம்பையும் 50-லிருந்து 35-க்கு இறக்கியது. இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் முதுகலை முடித்த இந்தியர்களுக்கு மூன்று வருடம் என்பது தப்பியது. ஒப்பந்தத்தில் எழுதியதை மாற்றுவது விதியை மாற்றுவதுபோல் சுலபமில்லை.

ஜெர்மனியின் கதை வேறு மாதிரி. 2000-இல் சான்ஸலர் ஷ்ரோடர் 20,000 கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கு ‘கிரீன் கார்டு’ என்று அறிவித்தார். ‘இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்’ என்ற கோஷத்தோடு எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் தேர்தலில் இறங்கினார். கடைசியில் அந்த 20,000 இடங்கள்கூட நிரம்பவில்லை. ஆனால் அதன் பிறகு அவர்கள் பின்வாங்கவில்லை. 2005-இல் படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட ஒரு வருடம், 2012-இல் 18 மாதம் என்று மெதுவாகக் கூட்டினார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. இடைஞ்சல் மொழிதான். ஜெர்மன் தெரியாமல் பெர்லினில் சமாளிக்கலாம். மற்ற ஊர்க் கம்பெனிகளில் நேர்முகத் தேர்விலேயே தெரிந்துவிடும்.

வரலாறு சொல்வது

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். களத்தில் நிற்பவனுக்குக் காற்று தெரியும். நீங்களோ இன்று விதைத்து மூன்று வருடம் கழித்துத் தூற்றப் போகிறீர்கள். ஜி.ஆர்.இ. எழுதுவதிலிருந்து பட்டம் வாங்கும் வரை சுமாராக மூன்று வருடம். கடன் பத்து வருடம் ஓடும். மேலே சொன்ன விதிகளில் பல ஒரு பி.இ. படிப்பு முடியும் காலம்கூட நிலைக்கவில்லை. அந்த நாடுகள் அவற்றைப் போட்டது தங்கள் ஆள் பற்றாக்குறைக்காகவும் தங்கள் தேர்தலுக்காகவும். அதில் தப்பு சொல்ல முடியாது. நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, “எத்தனை மாதம்?” என்பதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். அந்த மாதங்கள் முடிந்ததும் அடுத்த படி எது: குலுக்கலா, சம்பளமா, மதிப்பெண்ணா, மொழியா? வேலைச் சந்தை மந்தமான வருடத்தில் வெளியே வந்தால் அந்த நாட்டு விதி எத்தனை நாள் காத்திருக்க விடும்? நாளைக்கே திரும்பி வந்தால், சென்னைச் சம்பளத்தில் அந்தக் கடனுக்கு மாதத் தவணை கட்ட முடியுமா? மூன்றாவதுக்கு “முடியும்” என்று பதில் வந்தால் எந்த நாட்டுக்கும் தைரியமாகப் போகலாம். “முடியாது” என்றால் கட்டணம் குறைந்த நாட்டையோ உதவித்தொகையையோ தேடுங்கள். அல்லது இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு போங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து நாடுகளிலும் நம் கல்லூரிக்காரர்கள் இருக்கிறார்கள். நாட்டுக்கு இரண்டு பேர் என்று பெயர் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் அட்மிஷன் கடிதங்கள் வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இறுதியாண்டு மாணவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேச ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும். அந்த வருடத்து விதி என்ன, அந்த வருடத்து வேலை நிலவரம் என்ன என்பதை அங்கே இருப்பவரிடமே கேட்கலாம். திரும்பி வந்தவர்கள் வரிசையில் முதல் பெயராக என்னை எழுதிக்கொள்ளுங்கள்.