நேட்டால் கப்பல் பட்டியல்களும் குடும்ப வரலாற்றுப் பாதுகாப்பும்

நேட்டால் கப்பல் பட்டியல்கள் என்பவை, 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களைப் பற்றிய அரசுப் பதிவேடுகள். 1,52,184 பேரின் விவரங்கள் இவற்றில் உள்ளன. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். டர்பன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பூர்வீகத்தைத் தேடும்போது பெரும்பாலும் இந்தப் பட்டியல்களிலிருந்தே தொடங்குகின்றன.

முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு, 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டனர். 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. சொந்தச் செலவில் சென்ற வணிகர்கள் இப்பட்டியல்களில் இல்லை.

கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அதற்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை எழுதப்பட்டன. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கணக்காகப் பயன்பட்ட அந்த எண்தான் இன்று கொள்ளுப்பேரர்களுக்கு மிகப்பெரிய உதவி. பின்னாளைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு போன்றவற்றிலும் அதே எண் தொடர்ந்து வருவதுண்டு. ஆகவே பழைய பெட்டியில் கிடக்கும் மங்கிய சான்றிதழ் எதையும், அதில் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கிப்போடக் கூடாது.

இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் பலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'கோவெண்டர்', 'மூட்லி' போன்ற பெயர்கள் பல குடும்பங்களில் பிற்பாடு நிலைத்தவை. பட்டியலில் பெயராக இருப்பது ஆளின் பெயரும் தந்தை பெயரும் மட்டுமே. அதுவும் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது என்பதால் ஒரே முனுசாமி நாலைந்து விதமாகத் தென்படுவார். சாதிக்கான கட்டத்தையும் இப்படியே எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும்.

ஊரைக் கண்டுபிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. பட்டியலில் 'வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா' என்றிருந்தால் இன்று ஆந்திரத்தில் தேட வேண்டும். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அன்றைய தென் ஆற்காட்டின் பெரும்பகுதி இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எனப் பிரிந்து கிடக்கிறது. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும்போது, வீட்டில் வழிவழியாகக் கும்பிடும் குலதெய்வத்தின் பெயர் துப்பாக அமையும். பட்டியலில் அதற்கு இடமில்லை, பெரியவர்களின் நினைவில்தான் அது இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.

மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா 1902 வரையிலான பட்டியல்களை ஆராய்ந்து 1991இல் நூலாக வெளியிட்டார். பின்னர் பட்டியல்கள் கணினித் தரவாகவும் கிடைக்கத் தொடங்கியதால், வெளிநாட்டிலிருந்தும் தேட முடிகிறது.

தேடிக் கண்டவற்றைக் காப்பது வேறு வேலை. குடும்ப மரம் வரைவோர் அடிக்கடி விட்டுவிடுவது, ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பை. 'தாத்தாவின் அப்பா ஆரணிப் பக்கம்' என்று அத்தை சொன்னதையும் பட்டியலில் படித்ததையும் ஒரே வரியில் கலந்து எழுதினால், அடுத்த தலைமுறை எதைத் திருத்துவது என்று தெரியாமல் திகைக்கும். யார் சொன்னார், எந்த ஆண்டில், பட்டியல் எண் என்ன என்பதை உடனுக்குடன் குறித்துவைக்க வேண்டும்.

புகைப்படத்தின் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் பெயர் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கத்தில் தடம் விடும். பழைய காகிதத்தை லேமினேட் செய்தால் பிறகு பிரித்தெடுப்பது மிகக் கடினம். செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகக் கறை விடும். ஸ்கேன் செய்த படங்களின் பிரதிகள் குறைந்தது மூன்று இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருப்பது நல்லது.

குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, 1984இல் உருவான 'கெட்காம்' கோப்பு வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. பொதுவில் பகிரும்போது உயிருடன் இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி முதலியவற்றை நீக்கிவிட வேண்டும். தமிழ்ப் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் சேர்த்துப் பதிவது அவசியம். கப்பலேறிப் போனவரின் அண்ணன் தம்பி வழியினர் இன்னும் அந்தக் கிராமங்களில் இருக்கக்கூடும். அவர்கள் தேடுவதும் தமிழ்ப் பெயரைத்தான்.