தேன் பெட்டி நம்ம பக்கம் வந்த கதை

கூட்டமைப்பு மலருக்கு யார் யார் எதை எழுதுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். கோலம், சமையல் என்று மற்றவர்களுக்கு வர, எனக்கு மட்டும் ‘வரலாறு’ என்று வந்தது. பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் நான் எடுத்த மார்க்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். ராஜாக்கள் கதை எனக்கு வராது என்றேன். “உனக்குத் தெரிஞ்சதோட வரலாறை எழுது” என்றார் ஊக்குநர் அக்கா. எனக்குத் தெரிஞ்சது எங்கள் குழுவின் தேன் பெட்டிதான். அது எங்கிருந்து வந்தது என்று படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

திருவாதவூர் என்றால் எல்லோரும் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பார்கள். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் இதுதான் என்று சொல்வார்கள். அந்தக் கபிலர் தன் நண்பன் பாரியின் பறம்பு மலையைப் பற்றிப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். உழாமலே அந்த மலையில் நாலு பொருள் கிடைக்குமாம்: மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பறம்பு மலை என்பது நமக்கு வடகிழக்கே சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிற பிரான்மலை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆக அந்தக் காலத்தில் தேன் என்பது விதைக்காமல் அறுக்கிற பொருள்.

எங்கள் அப்பத்தா காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. புளிய மரப் பொந்திலோ, பாழுங்கிணற்றுச் சுவரிலோ தேனீ போய் வருவதைப் பார்த்துவைத்து, ராத்திரி வைக்கோல் பிரியைக் கொளுத்திப் புகை போட்டு, அடையை அப்படியே பிய்த்து எடுப்பார்களாம். அதில் தேன் மட்டுமா இருக்கும்? புழு, முட்டை, மகரந்தம் எல்லாம் சேர்ந்துதான் வரும். வேட்டியில் கட்டிப் பிழிந்தால் தேனோடு புழுச்சாறும் இறங்கும். பொந்தில் இருந்த கூட்டம் போனது போனதுதான். “எங்க அய்யா மட்டும் ஒரு அடையை விட்டுட்டுத்தான் வருவாரு. அடுத்த வருசம் அதே பொந்துல திரும்ப எடுப்பாரு” என்று அப்பத்தா சொல்லும். சின்ன வயதில் இதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியில் வைத்து வளர்க்கிற வழி வெளிநாட்டில் பிறந்தது. 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கூட்டுக்குள் ஏறக்குறைய ஒரு பென்சில் பருமனுக்கு இடைவெளி விட்டால் தேனீ அதைத் தன் நடைபாதையாக வைத்துக்கொள்கிறது. அதற்குமேல் இடம் இருந்தால் அதில் அடை கட்டிவிடும். அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும். அந்த அளவு பார்த்து மரச் சட்டங்களைத் தொங்கவிட்டால், சட்டத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம், கூட்டைக் கலைக்க வேண்டியதில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற தேன் பெட்டிகளுக்கு அடிப்படை இந்தச் சின்ன இடைவெளிதான்.

நம் நாட்டில் 1882-லேயே வங்காளத்தில் இந்த மாதிரிப் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். அது பெரிதாகப் பரவவில்லை. அவர்கள் தேனீ உருவத்தில் பெரிசு, நம் பொந்துத் தேனீ சின்னது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரிதான். நம் தேனீக்கு அளவெடுத்துத் தைத்தவர் என்று திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியாரைச் சொல்ல வேண்டும். சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து, 1911 முதல் 1917 வரைக்கும் கிராமத்து ஆட்களுக்கு அவரே கற்றுக்கொடுத்தார். கீழே புழு அறை, அதில் ஏழு சட்டம். மேலே உயரம் குறைந்த தேன் அறை. தேனை மேலறையில் மட்டும் எடுத்தால் பிள்ளைகள் கீழே பத்திரமாக இருக்கும். இன்றைக்கும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பதும் அதுதான். எனக்கு ரொம்ப நாளாக அது ஏதோ கம்பெனிப் பெயர் என்றே நினைப்பு.

அடுத்து மார்த்தாண்டம். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராம முன்னேற்ற மையம் நடத்தியது. ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் பொறுப்பில் இருந்தார். ஏழை வீடுகளுக்கு நிலம் இல்லாமலே வருமானம் வர என்ன செய்யலாம் என்று பார்த்து, கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் சொல்லிக்கொடுத்தார்கள். அது அப்படியே அந்த மண்ணில் வேர் பிடித்துவிட்டது. இன்றைக்கு மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 1934-ல் காந்தி வார்தாவில் தொடங்கிய கிராமத் தொழில் சங்கமும் தேனீயை எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின்னால் கதர் கிராமத் தொழில் ஆணையம் வந்தது.

மார்த்தாண்டத்துக்காரர்கள் பெட்டி வைக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, வருசக் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டார்கள். எங்கள் குழு தோற்றது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பனி கொட்டுகிற நாடுகளில் குளிர்காலத்தில் ஒரு பூகூட இருக்காது. தேனீ தூங்கிப் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். தூங்காதாம். எல்லாம் பந்து மாதிரி ஒன்றாக ஒட்டிக்கொண்டு, உடம்பை அதிரவைத்துச் சூடு உண்டாக்கி, நடுவில் ராணியை வைத்துக் காப்பாற்றுமாம். அந்தச் சூட்டுக்கு விறகு தேன்தான். ஒரு கூட்டுக்கு இருபது முப்பது கிலோ தேன் இருப்பு வேண்டும். அதனால் அங்கே தேனீ வளர்க்கிறவர்கள் கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ராணி திடமாக இருக்கிறதா, போதுமான தேன் கீழே இருக்கிறதா என்று பார்த்து, எடுப்பது போக விட்டுவைப்பார்கள். கோடைத் தேனீ ஒன்றரை மாதம்தான் இருக்கும். ஆனால் கோடை முடிகிற சமயத்தில் பிறக்கிற தேனீ நன்றாகத் தின்று கொழுத்து ஐந்தாறு மாதம் கிடந்து குளிரைத் தாண்டும்.

நமக்குப் பனி ஏது? அதனால் இந்தப் பாடம் நமக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம் தேனீக்கு மழைதான் பனிக்காலம். மார்த்தாண்டத்தில் தை, மாசியில் ரப்பர் மரம் இலை கொட்டித் துளிர்க்கும். அந்தத் துளிரின் காம்பில் தேன் சுரக்கும், பூவில் இல்லை. சித்திரை வரைக்கும் அறுவடை. அதன் பிறகு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் வெறும் பட்டினி. அங்கே அந்த மாதங்களில் சீனிப்பாகு கொடுத்துக் கூட்டைக் காப்பாற்றுவார்கள். நமக்கு மாதம் மட்டும்தான் வேறு. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கமும் பூக்கும், அடுத்துப் புளி. முருங்கையும் தென்னையும் கூடமாட. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தேனீ வெளியே பறக்க முடியாது, பறந்தாலும் பூவில் இருக்கிற தேனை மழை கழுவியிருக்கும். பெரியாறு கால்வாயில் தண்ணி வந்து மேலூர்ப் பக்கம் பூராவும் பச்சைப் பசேல்னு இருக்குமே, அப்புறம் என்ன பட்டினி என்பீர்கள். நெல்லில் தேன் கிடையாதுங்க. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிற அந்த மாசத்தில்தான் பெட்டிக்குள் அடுப்பு அணைந்து கிடக்கும்.

நடுவில் ஒரு பெரிய அழிவும் வந்தது. 1991-92-ல் தென்னிந்தியாவில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவியது. வளர்ந்த தேனீக்கு ஒன்றும் ஆகாது. புழுக்கள்தான் தண்ணி நிரம்பிய பை மாதிரி ஆகிச் செத்துப்போகும். பிள்ளை இல்லாத வீடு எத்தனை நாளைக்கு? நூற்றுக்குத் தொண்ணூறு கூடுகளுக்கு மேல் போய்விட்டன. கன்னியாகுமரிப் பக்கம் எத்தனையோ வீட்டில் வெறும் பெட்டி அடுக்கிக் கிடந்ததாம். மருந்து கிடையாது. நோயைத் தாங்கி மிஞ்சிய கொஞ்சக் கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் திரும்பப் பெருக்கினார்கள். அந்தச் சமயத்தில் பலரும் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அது தேன் அதிகம் தரும், ஆனால் பூ தேடிப் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வந்து பெட்டியைப் பார்க்கிற நமக்கு நாட்டுத் தேனீதான் தோது.

இனி எங்கள் கதை. குழுவில் கடன் வாங்கி ஆறு பெட்டி வாங்கினோம். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் ஒரு நாள் பயிற்சிக்கும் போய் வந்தோம். சித்திரையில் தேன் எடுத்தோம் பாருங்க, அந்தச் சந்தோசத்தை எழுத முடியாது. அடையைப் பிய்க்காமல், மெஷினில் சுற்றி எடுத்த தேன், தண்ணி மாதிரி தெளிவு. கடன் தவணை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மேலறையில் எடுத்தது போதாதென்று கீழறைச் சட்டத்தின் மேல் ஓரத்தில் இருந்த தேனையும் வழித்துவிட்டோம். “பூவுதான் பூக்குதே, அதுகளே சேத்துக்கிடும்” என்று சொன்னது நான்தான். பயிற்சியில் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். குற்றம் எங்களுடையது.

ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. வெயில் அடித்த அன்றைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் நாலு பெட்டி காலி. செத்தும் கிடக்கவில்லை. நாட்டுத் தேனீக்கு அப்படி ஒரு குணம், பசி வந்தால் கூட்டத்தோடு வீட்டைக் காலி பண்ணிப் போய்விடும். அடையில் மெழுகுப் பூச்சி வலை பின்னி வைத்திருந்தது. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “வாடகை குடுக்காம போயிட்டாங்களாக்கும்” என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தவணைப் பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுத்தான் கட்டினோம். ரெண்டு பேர் குழுவை விட்டே போகிறேன் என்றார்கள். நான் அந்த மாதக் கூட்டத்தில் தலை நிமிரவே இல்லை.

அன்றைக்கு ராத்திரிதான் அப்பத்தா சொன்ன ‘ஒரு அடை’ ஞாபகத்துக்கு வந்தது.

மிஞ்சிய ரெண்டு பெட்டியை அடுத்த வருசம் பூ நேரத்தில் பிரித்து ஐந்தாக்கினோம். தேன் குறைவாகத்தான் எடுத்தோம். இப்போது கோடையிலேயே மழைக்கணக்கு தொடங்கிவிடும். கீழறைத் தேனைத் தொடுவதே இல்லை. ராணி முட்டை வைக்கிற அழகை வைகாசியிலேயே பார்த்துவிடுவோம். முட்டை அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் அந்தக் கூட்டை அப்போதே சரி பண்ண வேண்டும், ஐப்பசியில் பண்ண முடியாது. அக்னி நட்சத்திரத்தில் பெட்டி மேல் நனைத்த சாக்கு. புரட்டாசி பிறந்ததும் மேலறையை எடுத்துவிடுவோம். தேனீ உட்காராத அடைகளையும் எடுத்துவிட்டு, மீதியை நெருக்கி வைத்து நடுவில் தடுப்புப் பலகை போட்டுவிடுவோம். பெரிய வீட்டில் நாலு பேர் குளிர் காய்வதைவிடச் சின்ன அறையில் நெருங்கிப் படுப்பது மேல் இல்லையா, அது மாதிரி. வாசல் வாடைக்காற்றுக்கு நேராக இல்லாமல் திருப்பி, மேலே தென்னங்கீற்றுப் போட்டு, தண்ணி வடிகிற மாதிரி முன்பக்கம் துளி சரிவாக வைப்போம். எறும்புக்குக் காலடியில் தண்ணிக் கிண்ணம் எப்போதும் உண்டு.

சாப்பாடு சீனிப்பாகுதான். சீனியும் தண்ணியும் சமபங்கு, காய்ச்சி ஆறவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, தேனீ முங்கிச் சாகாமல் இருக்க நாலு வைக்கோல் துண்டு போட்டு, பொழுது சாய்ந்தபின் உள்ளே வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு வாரத்துக்கு 200 கிராம் சீனி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுக்கணும், இல்லையென்றால் ஒரு கூடு இன்னொரு கூட்டில் புகுந்து கொள்ளையடிக்கும். வெல்லம் கூடாது, அதுகளுக்கு வயிற்றுக்கு ஆகாது. கடைத்தேனும் கூடாது, அதில் என்ன நோய் வருமோ. தேன் எடுக்கிற காலத்தில் பாகு வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம் நாம் விற்பது தேன் இல்லை, சீனிப்பாகு.

போன மழைக்கு ஐந்து பெட்டியில் ஐந்தும் நின்றன. கார்த்திகையில் ஒரு நாள் மழை வெறித்ததும் வாசலில் தேனீ வந்து உட்கார்ந்து சிறகைக் காய வைத்ததைப் பார்க்க, குழுவை விட்டுப் போகிறேன் என்ற ரெண்டு பேரும் வந்திருந்தார்கள். கடன் முடிய இன்னும் நாலு தவணை இருக்கிறது.

இதை எழுதி முடிக்கும்போது ஆவணி பாதி ஆகிவிட்டது. இப்போது எட்டுப் பெட்டி. வாரத்துக்கு ஒன்று அறுநூறு கிராம் சீனி, பத்து வாரத்துக்குப் பதினாறு கிலோ. அடுத்த கூட்டத்தில் அந்தச் செலவுக்குத் தீர்மானம் எழுத வேண்டும். தீர்மான நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.