‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’: விமர்சகர்கள் தந்த 92, ரசிகர்கள் போட்ட கணக்கு

கெடா தோட்டப்புறங்களில் 1990-களில் வளர்ந்த அண்ணன்மாரிடம் ‘யோகா ஃபயர்’ என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு உடனே முகம் மலரும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ் கடைத்தெருவுக்கு வந்து, கையில் கிடைத்த சில்லறையோடு வீடியோ கேம் கடைக்குள் நழுவியவர்கள் அவர்கள். வாயால் நெருப்பை ஊதி, கை கால்களை ரப்பர் போல நீட்டிச் சண்டையிடும் ‘தால்சிம்’ என்ற இந்தியரை அவர்கள் பார்த்தது அந்தத் திரையில்தான்.

அந்த விளையாட்டுத் தொடரின் ஆறாவது பாகம், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’, 2023 ஜூன் 2-ஆம் தேதி வெளிவந்தது. விமர்சகர்களும் ரசிகர்களும் அதை எப்படி ஏற்றார்கள், முந்தைய பாகங்களுக்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருந்தது, இதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தொடரின் பின்னணி

ஜப்பானின் கேப்கொம் நிறுவனம் 1987-இல் முதல் பாகத்தை வெளியிட்டது. அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1991-இல் வந்த இரண்டாம் பாகமே உலகைத் திருப்பிப் போட்டது. இருவர் எதிரெதிரே நின்று, எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மோதலாம். அடிமேல் அடியாகத் தொடுக்கும் ‘கோம்போ’ முறை, தயாரிப்பின்போது தற்செயலாகத் தெரிய வந்த ஒன்று. பிழையென்று நீக்காமல் விட்டார்கள். பிறகு வந்த சண்டை விளையாட்டுகள் அனைத்துக்கும் அதுவே அடிப்படையானது. வீட்டில் விளையாடும் சூப்பர் நிண்டெண்டோ பதிப்பு மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் விற்பனையானது.

மூன்றாம் பாகம்: காலம் மாற்றிய தீர்ப்பு

1997-இல் மூன்றாம் பாகம் வந்தபோது ரசிகர்கள் ஏமாந்து போனார்கள். பழைய முகங்களில் ரியூ, கென் இருவர் மட்டுமே இருந்தனர். தால்சிம் இல்லை, எல்லாருக்கும் பிடித்த சுன்-லீயும் இல்லை. 1999-இல் வந்த ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ திருத்தப் பதிப்பில்தான் சுன்-லீ திரும்பினார்.

ஆனால், அதே ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ இன்று தொடரின் உச்சங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 2004-இல் அமெரிக்காவில் நடந்த ‘இவோ’ போட்டியில், ஜப்பானின் டைகோ உமெஹாரா தோல்வியின் விளிம்பில் நின்றுகொண்டு, ஜஸ்டின் வோங் தொடுத்த அடிகளை ஒவ்வொன்றாகத் தடுத்துத் திருப்பி வென்ற காட்சியை இன்றும் ரசிகர்கள் பார்த்து வியக்கிறார்கள். வெளிவந்த வாரத்தில் சொல்லப்படுவது கடைசித் தீர்ப்பு அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

ஐந்தாம் பாகம்: அவசரத்தின் விலை

2008-இல் வந்த நான்காம் பாகம் பழைய வீரர்களைத் திரும்பக் கொண்டுவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்த நம்பிக்கையோடு 2016 பிப்ரவரியில் ஐந்தாம் பாகத்தை வாங்கியவர்களுக்கு அதிர்ச்சிதான் காத்திருந்தது. ஒருவர் தனியாக விளையாடும் வழக்கமான ‘ஆர்கேட்’ பகுதி அதில் இல்லை. முழுக் கதைப் பகுதி சில மாதங்கள் கழித்தே வந்தது. தொடக்க நாள்களில் இணையத் தொடர்பும் சரியாகக் கிடைக்கவில்லை.

விமர்சனங்களைத் தொகுத்து நூற்றுக்கு இவ்வளவு என மதிப்பிடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில், நான்காம் பாகம் 90-க்கு மேல் பெற்றிருந்தது. ஐந்தாம் பாகம் 77-இல் நின்றது. அந்த மார்ச் இறுதிக்குள் 20 லட்சம் விற்க நினைத்த கேப்கொம், 14 லட்சத்தை மட்டுமே எட்டியது. 2018-இல் ‘ஆர்கேட் எடிஷன்’ வந்த பிறகுதான் குறைகள் பெருமளவில் தீர்ந்தன.

ஆறாம் பாகம்: விமர்சகர்கள் சொன்னது

அடிபட்ட பாடத்தை நிறுவனம் மறக்கவில்லை. இயக்குநர் தகாயுகி நகயாமா, தயாரிப்பாளர் ஷுஹேய் மட்சுமோட்டோ குழுவினர் தந்த ஆறாம் பாகத்துக்கு பிளேஸ்டேஷன் 5 பதிப்பில் 92 கிடைத்தது. விமர்சகர்கள் முக்கியமாக மூன்றைப் பாராட்டினர்.

முதலாவது, சண்டையின் அமைப்பு. ஒவ்வொரு சுற்றிலும் இருவருக்கும் ‘டிரைவ்’ எனும் ஆற்றல் அளவு முழுமையாகத் தரப்படுகிறது. அதைச் செலவழித்துத் தாக்கலாம், தடுக்கலாம், பாய்ந்து முன்னேறலாம். கணக்கில்லாமல் செலவழித்தால் ஆற்றல் தீர்ந்து எதிராளியிடம் மாட்டிக்கொள்ள நேரும்.

இரண்டாவது, இணைய ஆட்டம். எதிராளியின் அடுத்த அசைவைக் கணினி ஊகித்துக் காட்டி, ஊகம் தவறினால் நொடிப்பொழுதில் திருத்திக்கொள்ளும் ‘ரோல்பேக்’ முறை இதில் சீராக இயங்கியது. சிறு பட்டணத்தில் இருந்துகொண்டு வெளியூர்க்காரரோடு மோதுபவருக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, தனியாக விளையாடுவோருக்கான ‘வேர்ல்ட் டூர்’. நாமே ஒரு வீரரை, நிறம், முகம், உடல்வாகு பார்த்து உருவாக்கி, ஊர் ஊராகச் சென்று பழைய வீரர்களிடம் பாடம் கற்கலாம். கதை அழுத்தமாக இல்லை, தெருச்சண்டைகள் சலிப்பூட்டுகின்றன என்ற குறையும் இப்பகுதிக்கே சொல்லப்பட்டது.

ரசிகர்களின் வாதம்

ரசிகர்களிடையே சூடான விவாதத்தைக் கிளப்பியது ‘மோடர்ன்’ எனும் எளிய கட்டுப்பாட்டு முறை. ரியூவின் ‘ஹடோக்கென்’ வீச, குச்சியைக் கீழிருந்து முன்னோக்கிச் சுழற்றிச் சரியான நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். விரல் காய்த்துப்போகும் அளவுக்குப் பழகியவர்கள் உண்டு. புதிய முறையிலோ ஒரே பொத்தானில் அது வந்துவிடுகிறது.

“இத்தனை ஆண்டு உழைப்புக்கு என்ன மதிப்பு?” என்று பழையவர்கள் கேட்டார்கள். “முதல் நாளே தோற்று ஓடிப்போகாமல், நாங்களும் விளையாட முடிகிறதே” என்றார்கள் புதியவர்கள். சுருக்குவழியில் தொடுக்கும் அடிக்கு வலு 20 விழுக்காடு குறையும் என்பதும், பழைய முறை அப்படியே இருக்கிறது என்பதும் இரு தரப்பையும் ஓரளவு சமாதானப்படுத்தின.

சமாதானமாகாத குறையும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் ஆடை அலங்காரத்துக்குத் தனியாகப் பணம் கேட்டது எரிச்சலை உண்டாக்கியது. 2023-இல் ‘நிஞ்சா ஆமைகள்’ ஆடைகள் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 15 அமெரிக்க டாலர் என்றபோது ரசிகர்கள் வெளிப்படையாகவே கண்டித்தனர்.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஜூலை தொடக்கத்திலேயே விற்பனை 20 லட்சத்தை எட்டியது. ஆகஸ்டில் லாஸ் வேகாசில் நடந்த ‘இவோ’ போட்டியில் இந்த விளையாட்டுக்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிந்தனர். ஐக்கிய அரபுச் சிற்றரசின் ‘ஆங்கிரிபேர்ட்’ வாகை சூடினார். 2024 பிப்ரவரியில் ‘கேப்கொம் கப்’ வென்ற தைவானின் ‘ஊமா’ 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார்.

இடையில், 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் பாகத்துக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. ‘வீடியோ கேம் கடையில் நின்றால் படிப்பு போச்சு’ என்று திட்டு வாங்கிய நம்மூர்த் தலைமுறைக்கும் ஏறத்தாழ அதே வயதுதான்.

தால்சிமும் நாமும்

1991-இல் ஜப்பானியர் வரைந்த தால்சிமின் கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்னணியில் யானைகள், பிள்ளையார் படம். பெயரோ தமிழ்க் காதுக்கு அந்நியம். யோகா செய்தால் நெருப்பு வரும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. ஆனால் ஏழைக் கிராமங்களுக்காகவே சண்டையிடும், வன்முறையை வெறுக்கும் மனிதராகவும் அவர் படைக்கப்பட்டிருந்தார். கேலியா பெருமையா என்று ஆராயாமல், ‘நம்ம ஆள்’ என்றே அன்றைய பிள்ளைகள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆறாம் பாகத்தின் முதல் 18 வீரர்களிலும் அவர் இருக்கிறார்; தலைப்பாகை, தாடியோடு, தம் பெயரில் ஒரு கோயிலோடு. 1994 ஹாலிவுட் படத்தில் ரோஷன் சேத் ஏற்ற அந்த வேடம், புதிய படத்தில் ‘துப்பாக்கி’ வில்லன் வித்யுத் ஜம்வாலுக்குக் கிடைத்ததாக 2025-இல் அறிவிக்கப்பட்டது.

ஆறாம் பாகம் வந்த அதே 2023-இல், ஜூலை 31-ஆம் தேதி, கனடாவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’ என்ற சிறிய விளையாட்டை வெளியிட்டது. குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லி, அம்மாவின் சமையல் குறிப்பேடு, தமிழ் பேசத் தயங்கும் மகன். இவ்வளவுதான் அதன் உலகம். 2024-இல் அது பிரிட்டனின் பாஃப்டா விருதை, முதல் படைப்புக்கான பிரிவில் வென்றது.

புதியவரை உள்ளே அழைத்து, பழையவரையும் வெளியே தள்ளாததால் ஆறாம் பாகம் வென்றது. ஆனால், தால்சிமை எத்தனை முறை திருத்தினாலும் அவர் பிறர் பார்வையில் வரைந்த நம் படமே. நம் வீட்டுப் பிள்ளைகள் வரைந்தால் அது எப்படி இருக்கும் என்பதை ‘வெண்பா’ காட்டிவிட்டது. பீடோங்கிலோ பாடாங் செராயிலோ இப்போது கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் அதையும் ஒருமுறை விளையாடிப் பார்க்கட்டும்.