அம்பாசடர் நின்ற விதம்

கொல்கத்தாவின் மோட்டார் வரலாறு என்றால் எஞ்சினிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1957ல் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் மூலவடிவம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. 1990களில் இசுசு எஞ்சின் வந்தது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. வண்டி எப்படி ஓடியது என்பது இதில் தெரிகிறது. எப்படி நின்றது என்பது தெரிவதில்லை. அம்பாசடரின் நீண்ட ஆயுளுக்கு அதன் பிரேக்கின் எளிமையும் ஒரு காரணம். அதே எளிமை, அந்த பிரேக்கின் குறையை நெடுங்காலம் மறைத்தும் வைத்தது. ஆகவே, இன்று பழைய வண்டியைப் பேணுகிறவர்கள் எதைப் பழையபடி விட்டாலும் பிரேக்கை அப்படி விடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த எளிமை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் பாயும். சக்கரத்துக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். லைனிங் தேய்ந்தால் ஷூவை மாற்றலாம். ஆயில் கசிந்தால் ரப்பர் வாஷரை மாற்றலாம். டிரம்மைக் கழற்றச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் போதும்: ஒருவர் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து, பெடலை விடும் முன் மூடுவார்; குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் உதிரிபாகம் வாங்கித் தெருவோரத்திலேயே முடித்துவிடக்கூடிய வேலை இது. மஞ்சள் டாக்ஸிகளுக்கு அந்நகரில் அத்தனை காலம் சோறு போட்டது இந்த வசதிதான்.

ஆனால் வண்டி பிறந்தபோதே தொழில்நுட்பம் அதைத் தாண்டிப் போய்விட்டது. 1953ல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்குடன் வென்றது. 1955ல் சித்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களுக்கும் அது வந்தது. காரணம் வெப்பம். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் தாழ்ந்துகொண்டே போகும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறும். டிராம்களோடு தடம் பகிர்ந்து ஊர்ந்த 1950களின் கல்கத்தாவில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்திருக்காது. 1992ல் வித்யாசாகர் சேதுவும், 2015ல் மா மேம்பாலமும் திறந்த பிறகு நிலைமை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். சாலை மாறிய பின்னும் பழைய வண்டியின் டிரம் மாறவில்லை.

பிரேக் போதுமா என்பது வண்டியின் வயதைப் பொறுத்ததல்ல, அதற்குக் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது. இதற்கும் கல்கத்தாவே சான்று. 1957 ஏப்ரல் 15 அன்று லண்டனிலிருந்து இருபது பயணிகளோடு கிளம்பிய ‘இந்தியாமேன்’ பேருந்து, ஜூன் 5 அன்று கல்கத்தாவை அடைந்தது. பிறகு, சிட்னி நகரில் ஓடிய ‘ஆல்பர்ட்’ என்ற இரட்டைத் தட்டுப் பேருந்து, படுக்கையும் சமையலறையும் வைத்த நடமாடும் வீடாக மாறி, லண்டன்–கல்கத்தா தடத்தில் ஓடியது. நகரப் பேருந்தின் பிரேக் நின்று நின்று போவதற்கானது; அடுத்த நிறுத்தத்துக்குள் அது ஆறிவிடும். அந்த நெடுந்தடத்தின் மலைக் கணவாய் இறக்கத்தில் அந்த இடைவெளி கிடையாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். பழைய வண்டியை வீடாக்கிப் பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் இன்றும் முதலில் எடை போட வேண்டியது இதைத்தான்.

கொல்கத்தாவின் தட்பவெப்பம் இன்னொரு சுமை. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி வரை இறங்கிவிடும். கங்கைச் சமவெளியின் புழுக்கத்தில், ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ஆயில் ஈரம் குடிக்கும். சிலிண்டருக்குள் துருவும் பிடிக்கும். மழைக்காலத்தில் நகரின் டந்தனியா பக்கம் தேங்கும் நீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து ஷூ வழுக்கும். கரையேறியதும் பெடலை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துவது பழைய ஓட்டுநர்களின் பாடம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஆயில் முழுவதையும் மாற்றுவது அதன் தொடர்ச்சி.

இங்கே மறுப்பு எழும். 1968 முதல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்திவரும் பழங்கார் பேரணியை நேசிக்கும் நகரம் இது. அசல் பாகங்களை மாற்றினால் வரலாறு கெடாதா என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் ஷூவும் லைனிங்கும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஓடிய எந்த அம்பாசடரிலும் ஆலை பொருத்திய லைனிங் இன்று இருக்க வழியில்லை. தயாரிப்பாளரே பிற்கால வண்டிகளில் முன்சக்கர டிஸ்க்கைப் பொருத்தினார். ஆகவே அந்த மாற்றமும் அம்பாசடரின் வரலாறுதான். உடலை வெட்டாமல் போல்ட்டில் பொருத்தி, கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

நன்றாகப் பேணிய டிரம்மே போதாதா என்பது அடுத்த கேள்வி. மெதுவாக ஓடும் பேரணி வண்டிக்குப் போதும். ஆனால் ஆரம்பகால அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போகும். மிஞ்சுவது பின்சக்கர ஹேண்ட்பிரேக் மட்டும். எவ்வளவு கவனித்தாலும் நீங்காத குறை இது. அதனால் முதலில் செய்ய வேண்டியது, முன்னும் பின்னும் தனித்தனியே இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். டிஸ்க் அதன் பிறகு. முன்னால் டிஸ்க்கை மட்டும் மாட்டி, சிலிண்டர் அளவையும் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தையும் சரிபார்க்காமல் விடுவது பழைய டிரம்மைவிட ஆபத்து.

பதினைந்து ஆண்டு கடந்த வணிக வண்டிகளை விலக்கச் சொன்ன 2008 கல்கத்தா உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, மஞ்சள் டாக்ஸிகள் படிப்படியாக விடைபெற்றுவருகின்றன. மிஞ்சும் அம்பாசடர்கள் தனியார் ஆர்வலர்களின் கையில்தான் இருக்கும். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பெயின்ட்டுக்கும் குரோமியத்துக்கும் செலவழிப்பதற்கு முன், நான்கு டிரம்களையும் கழற்றிப் பாருங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு அந்த ஒற்றைச் சுற்றை மாற்றுங்கள்.