கடலோர மனை: விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நிலத்தில் போட்ட பணம் வீண்போகாது என்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் மனை விலை நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட நிலையில், இந்த அறிவுரை கிழக்குக் கடற்கரை வழியே தெற்கு நோக்கி நகர்ந்து, கடலூரையும் சிதம்பரத்தையும் எட்டியிருக்கிறது. விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை நெடுகிலும் நெல் விளைந்த வயல்களில் மனைக் கற்கள் நடப்படுகின்றன. ஓய்வூதியப் பலன்களைக் கையில் வைத்திருக்கும் முதியோரும், வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் இளைஞர்களின் பெற்றோரும், "அங்கே ஒரு மனை வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் விடை இதுதான்: குடியிருப்பதற்காக வாங்குவது வேறு, 'வாங்கிப் போடுவது' வேறு. நாளை அந்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறப்போகிறவரின் தேவையே மனைக்கு விலையைத் தருகிறது. அப்படி ஒருவர் வருவாரா என்று கேட்காமல் செய்யும் முதலீடு வெறும் நம்பிக்கையே.

மக்கள்தொகைக் கணக்கு என்ன சொல்கிறது? 2001இல் ஏறத்தாழ 1.58 லட்சமாக இருந்த கடலூர் நகராட்சியின் மக்கள்தொகை, 2011இல் 1.73 லட்சமானது. சிதம்பரம் நகரில் அது 59 ஆயிரத்திலிருந்து 62 ஆயிரமானது. அதே பத்தாண்டில் மாநில மக்கள்தொகை 15.6 விழுக்காடு உயர்ந்திருக்க, கடலூரின் வளர்ச்சி 10 விழுக்காட்டையும் சிதம்பரத்தின் வளர்ச்சி 6 விழுக்காட்டையும் எட்டவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. கடலூர் அதே ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகர எல்லைக்கு வெளியே குடியிருப்புகள் பெருகியும் இருக்கலாம். ஆயினும், நிர்வாகத் தகுதி உயர்வதால் மட்டும் வேலைவாய்ப்பு உருவாகிவிடாது. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறும் ஊரில் மனைகளின் எண்ணிக்கை மட்டும் பெருகினால், விற்க விரும்புவோர் பலராகவும் வாங்க வருவோர் சிலராகவும் இருப்பர்.

இனி எளிய கணக்கு ஒன்று. மனையின் விலை ரூ.20 லட்சம் என்று கொள்வோம். முழு விலையும் பத்திரத்தில் காட்டப்பட்டால், முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆக ரூ.1.80 லட்சம் சேரும். இந்த ரூ.21.80 லட்சம், ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ ரூ.42.90 லட்சமாகப் பெருகும். ஆக, மனையின் விலை இரு மடங்கைத் தாண்டினால்தான், அதாவது ஆண்டுதோறும் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தால்தான், வைப்புத்தொகைக்கு ஈடாகும். தரகு, வேலி, காலி மனை வரி ஆகியவற்றை நான் சேர்க்கவில்லை. வட்டிக்கு வருமான வரி உண்டு என்பது உண்மை. ஆனால், 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் மனையை விற்கும்போதும், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 விழுக்காடு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவசர மருத்துவச் செலவு வரும் நாளில் வைப்புத்தொகையை உடனே எடுக்கலாம். மனைக்கு ஆள் தேட வேண்டும்.

"பெரிய திட்டம் வரப்போகிறது" என்பது மனை விற்போரின் வழக்கமான வாதம். கடலூரை அடுத்த பெரியகுப்பத்தில் எழும்பிக்கொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த 'தானே' புயல் சேதப்படுத்தியது. ஆலை இயங்கவில்லை, நிறுவனமும் நொடித்துக் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. சிதம்பரத்தின் அனுபவம் வேறு வகையானது. 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்நகரின் வாடகை வீடுகளுக்கும் கடைவீதிக்கும் உயிர்நாடி. நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013இல் தனிச் சட்டத்தின் வழியே பல்கலைக்கழகம் அரசின் பொறுப்புக்கு வந்தது. பின்னர், மிகுதியாக இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் மாநிலத்தின் பிற நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் ஊரில், வீட்டு வாடகையும் அந்த நிறுவனத்தின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றும்.

அடுத்த கேள்வி தண்ணீர். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை கடலைச் சேரும் வடிகால் நிலம் இது. 2004 ஆழிப்பேரலையும், 2011 புயலும், 2015 நவம்பர் வெள்ளமும் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. எனவே, மனையைக் கோடையில் பார்த்து முன்பணம் கொடுக்கலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டும். 2015இலும் 2024இலும் எவ்வளவு நீர் நின்றது என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டால் சுவரில் தொட்டுக் காட்டுவார்கள். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய பகுதிகளில் நிலத்தடி நீர் மாசு குறித்த புகார்கள் நீண்டகாலமாக உள்ளன. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் முடிவெடுப்பது தவறு.

மூன்றாவது கேள்வி ஆவணம். கடலூரில் நில எல்லையைப் பீரங்கிக் குண்டு தீர்மானித்த காலம் ஒன்று உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவு வரையிலான நிலத்தையும் தனதாக்கிக்கொண்டது. அவ்வாறு அடங்கிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. இன்று எல்லையைச் சொல்ல வேண்டியவை மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவை. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் புதிதாக மனையைப் பதிவுசெய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் தடை விதிக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுசெய்தாக வேண்டும். சிதம்பரம் வட்டாரத்தில் கோயில், மடம், கட்டளை நிலங்கள் ஏராளம். உரிய அனுமதியின்றி அவற்றை விற்றால், 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. கடலுக்கு அருகிலோ, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கிடும். ஊரகக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை என்பது பொது விதி. மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் அதை 50 மீட்டராக 2019ஆம் ஆண்டு அறிவிக்கை தளர்த்துகிறது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது.

இது தனிமனிதர் லாப நட்டம் மட்டுமன்று. தாழ்வான வயலை மண் கொட்டி உயர்த்தினால், அங்கே தேங்க வேண்டிய நீர் பழைய குடியிருப்புக்குள் புகுகிறது. வெளியூர்க்காரர் வாங்கிப் பூட்டிவைக்கும் மனைகளால், அதே ஊரில் வீடு கட்ட நினைக்கும் உழைப்பாளிக்கு நிலம் எட்டாக்கனியாகிறது. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு வெறும் சுற்றுலா இடமன்று. மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னிருந்த ஊர்கள் ஆழிப்பேரலையில் குறைவாகவே சேதமுற்றன என்று, கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டாவை இணையத்தில் பார்க்க முடிகிறபோது, அந்தப் புல எண் எந்தெந்த ஆண்டு வெள்ளத்தில் மூழ்கியது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் அதே பக்கத்தில் காட்டலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கும் முன் வடிகால் பாதையை வரைபடத்தில் குறிப்பதைக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை வாங்குவோருக்கு என் யோசனை: கடலூரிலோ சிதம்பரத்திலோ வாழ விரும்புகிறவர், மேட்டு நிலத்தில், பேருந்தும் மருத்துவமனையும் அருகில் இருக்கும் இடத்தில், தெளிவான ஆவணங்களுடன் தாராளமாக வாங்கலாம், வாழ்வதற்கு இனிய ஊர்கள் அவை. விலை உயரும் என்பதற்காக மட்டும் வாங்குகிறவர், ஓய்வுக்கால நிதி முழுவதையும் ஒரே மனையில் முடக்கலாகாது. பத்தாண்டுகள் திரும்பிப் பார்க்கத் தேவைப்படாத தொகையை மட்டுமே அதில் இடலாம்.