‘ஒஷித்சுகே’: ஒரு வசைப்பெயரின் வரலாறு

ஜப்பானின் அரசியல் சாசனத்துக்கு அந்நாட்டிலேயே ஒரு வசைப்பெயர் உண்டு: ‘ஒஷித்சுகே கெம்போ’. கெம்போ என்றால் சாசனம். ‘ஒசு’ என்பது தள்ளுதல், அழுத்துதல். ‘த்சுகேரு’ என்பது ஒட்டவைத்தல். இரண்டும் சேர்ந்தால், வேண்டாம் என்பவர் கையில் ஒன்றை வலிந்து அழுத்துவது. தமிழில் ‘திணிப்பு’ என்றால் போதும். நம் வாசகருக்கு அதற்குமேல் உரை வேண்டாம். அந்நியப் படை ஒரு நாட்டில் ஜனநாயகத்தை நட்டுவிட்டுப் போக முடியுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் முதல் சாட்சியாக நிறுத்தப்படுவது ஜப்பான்தான். ஆகவே இந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பெயருக்கு வேர் 1946 பிப்ரவரி 13. இடம், டோக்கியோவில் வெளியுறவு அமைச்சரின் இல்லம். தாம் தயாரித்த வரைவைப் பற்றிப் பேசத்தான் அமெரிக்கர்கள் வருகிறார்கள் என்று சாசனத் திருத்தப் பொறுப்பிலிருந்த வேறோர் அமைச்சர் மத்சுமொதோ ஜோஜி காத்திருந்தார். ஆக்கிரமிப்புப் படைத் தளபதி ஜெனரல் மக்ஆர்தரின் அரசுப் பிரிவுத் தலைவர் கோர்ட்னி விட்னி வந்தார். அந்த வரைவை ஏற்பதற்கில்லை என்றார். தம் அலுவலகத்தார் ஒன்றரை வாரத்துக்குள் எழுதி முடித்த வேறொரு சாசனத்தைக் கொடுத்துவிட்டு, படித்துப் பாருங்கள் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். பிறகு அங்கே வந்த வெளியுறவு அமைச்சரின் உதவியாளர் ஷிராசு ஜிரோவிடம், அணு வெயிலில் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார். ஹிரோஷிமா எரிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பேச்சை விட்னியே பின்னாளில் பெருமையாக எழுதிவைத்தார். அந்த வீட்டில் அன்று இருந்தவர்களுக்கு ‘ஒஷித்சுகே’ என்ற சொல் மிகையாகப் பட்டிருக்காது.

சொல்லுக்கு அரசியல் வலு வந்தது 1954-ல். கிஷி நொபுசுகே தலைமையில் லிபரல் கட்சி அமைத்த குழுவின் முன் மத்சுமொதோ பேசினார். இதை ஏற்காவிட்டால் பேரரசருக்கே உத்தரவாதம் இல்லை என்று அன்று மிரட்டினார்கள் என்றார். அமெரிக்கத் தரப்பு அதை மறுத்தது. மறு ஆண்டு உருவான லிபரல் டெமாக்ரடிக் கட்சி சாசனத் திருத்தத்தைத் தன் குறிக்கோள்களில் ஒன்றாகவே எழுதிக்கொண்டது. ‘ஒஷித்சுகே’வுக்கு எதிராக அவர்கள் உயர்த்திய பெயர் ‘ஜிஷு கெம்போ’, அதாவது நாமே இயற்றும் சாசனம்.

நாமே இயற்றியது என்று ஒன்று ஏற்கெனவே இருந்ததை இந்த முழக்கம் மறைத்துவிட்டது. எனக்கு மனம் கொதிப்பது இந்த இடத்தில்தான். 1881-லேயே, சுதந்திரத்துக்கும் மக்கள் உரிமைக்குமான இயக்கத்தின் காலத்தில், தோசா நாட்டு உஎகி எமொரி 220 பிரிவுகள் கொண்ட ஒரு சாசன வரைவை எழுதினார். கொடுங்கோல் அரசை எதிர்க்கும் உரிமைகூட அதில் உண்டு. மேஜி அரசு அந்த இயக்கத்தை ஒடுக்கியது. 1930-களில் சுசுகி யாசுசோ என்ற ஆய்வாளர் உஎகியின் எழுத்துகளைத் தேடிப் படித்தார். போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், அவரும் நண்பர்களும் அடங்கிய சாசன ஆய்வுக் கழகம் தன் வரைவை வெளியிட்டது. அதை ஜனவரியில் வரிவரியாக ஆராய்ந்து, ஜனநாயகத் தன்மை உள்ளது, ஏற்கத்தக்கது என்று குறிப்பு எழுதியவர் விட்னியின் அலுவலகத்து மைலோ ரவெல். அடுத்த மாதம் அமெரிக்க வரைவு எழுதப்பட்டபோது அவரும் அதில் பங்கெடுத்தார். சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிக்கையே ஜப்பானியரிடம் உள்ள ஜனநாயகப் போக்குகளை ‘உயிர்ப்பிப்பது’ பற்றித்தான் பேசுகிறது. முன்பே இருந்ததைத்தானே உயிர்ப்பிக்க முடியும்?

பெண்கள் முதன்முதலாக வாக்களித்த 1946 ஏப்ரல் தேர்தலில் 39 பெண்கள் வென்று வந்தார்கள். அந்த நாடாளுமன்றம் வரைவை மாதக்கணக்கில் விவாதித்தது. நலமும் பண்பாடும் உள்ள வாழ்வின் குறைந்தபட்ச அளவு ஒவ்வொருவருக்கும் உரிமை என்ற 25-ஆம் பிரிவு அமெரிக்கர் எழுதியதல்ல. சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் சேர்த்தது. பின்னாளில் அமைந்த சாசன விசாரணைக் குழுவின் தலைவர் தகாயனகி கென்சோ, ஆண்டுக்கணக்கில் சாட்சியங்களைக் கேட்டபின், இதை ‘நிச்சிபேய் கஸ்ஸாகு’ என்றார்: ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. இந்தப் பெயர் ஏனோ மக்கள் நாவில் ஏறவில்லை.

பெற்றுக்கொண்டவர்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதற்குக் கசப்பான சான்றும் உண்டு. அமெரிக்க வரைவில் இருந்த ‘மக்கள்’ என்பதை வெளியுறவு அமைச்சகம் முதலில் ‘ஜின்மின்’ என்று பெயர்த்தது. பிறகு ஜப்பானிய அதிகாரிகள் அந்த இடத்தில் ‘கொகுமின்’ என்று வைத்தார்கள். கொகு என்றால் நாடு; கொகுமின் நாட்டுக்குரியவர், குடியுரிமை உள்ளவர். மார்ச் 4 அன்று தொடங்கி இரவு முழுக்க நீண்ட பேச்சில் சட்டப் பணியக அதிகாரி சாதோ தாத்சுஓ சொல் சொல்லாக வாதாடினார். வெளிநாட்டவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்ற பிரிவு இறுதிச் சாசனத்தில் இல்லை. சட்டத்தின் முன் சமம் என்ற உறுதி ஆங்கிலப் படியில் இன்றும் எல்லா மக்களுக்கும். ஜப்பானிய மூலத்தில் கொகுமினுக்கு. சாசனம் நடைமுறைக்கு வந்தது 1947 மே 3. அதற்கு முந்திய நாள், கொரியரையும் தைவானியரையும் அந்நியராகப் பதிவு செய்யும் ஆணை வெளியானது. பேரரசின் குடிகளாகச் சுரங்கத்துக்கும் போருக்கும் இழுத்துவரப்பட்டவர்கள், சமத்துவம் வரும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இதை எந்த அமெரிக்கரும் திணிக்கவில்லை.

2003 பிப்ரவரி 26 அன்று, ஈராக்கில் படை இறங்குவதற்குச் சில வாரம் முன், அதிபர் ஜார்ஜ் புஷ் ஜப்பானையும் ஜெர்மனியையும் முன்னுதாரணமாகச் சொன்னார். ஜப்பானில் அமெரிக்க ஆக்கிரமிப்பின் வரலாற்றை எழுதிய ஜான் டவர் அந்த ஒப்பீடு பொருந்தாது என்று எச்சரித்தார். அவர் சொன்னதே சரி. ஜப்பானிலும் படை கலைக்கப்பட்டது, ஏராளமானோர் பதவி இழந்தார்கள். ஆனால் அமைச்சகங்களும் நாடாளுமன்றமும் ஓடிக்கொண்டிருந்தன, மக்ஆர்தரின் உத்தரவுகள் ஜப்பானிய அரசு வழியாகவே இறங்கின. பாக்தாத்தில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் நேரடியாக ஆண்டார். மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் ஆட்சியிழந்த பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கினார், படையைக் கலைத்தார். கட்சியினரை விலக்கும் அந்த வேலைக்கு அரபியில் வழங்கிய பெயர் ‘இஜ்திஸாஸ்’: வேரோடு பிடுங்குதல். 2005 அக்டோபரில் ஈராக்கின் புதிய சாசனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அன்பார் மாகாணத்தில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். சலாஹுத்தீனில் 80-க்கு மேல். மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்திருந்தால் அது தோற்றிருக்கும். மூன்றாவதான நினிவேயிலும் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தார்கள். அந்த அளவை எட்டாததால் சாசனம் நிறைவேறியது.